டெசிபலில் ஒளிந்திருக்கும் ஆசிரியர்

என் தம்பிக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது மருத்துவமனையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். கட்டம் போட்ட தாள். மேலே இடமிருந்து வலமாக ஒலியின் அதிர்வெண். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக டெசிபல். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அந்தக் குறிகள் எல்லாமே தாளின் அடியில், 90 என்ற எண்ணுக்கும் கீழே கிடந்தன. அப்போது எனக்கு எட்டு வயது. கணக்குப் பாடத்தில் எண் கூடினால் நல்லது என்று மட்டுமே தெரிந்திருந்ததால், தம்பி 90க்கு மேல் வாங்கியிருக்கிறான் என்று மகிழ்ந்தேன். அப்பா அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

பிறகு நானே செவியியல் படிக்கப் பல்கலைக்கழகம் வந்தேன். முதல் தவணையிலேயே விரிவுரையாளர் டெசிபலை விளக்கினார். பெல் என்னும் அளவின் பத்தில் ஒரு பங்கு அது. ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. அப்படியானால் சாதாரணக் காதுக்கு மெல்லக் கேட்கத் தொடங்கும் ஒலியைவிட, என் தம்பிக்குக் கேட்கத் தொடங்கும் ஒலி நூறு கோடி மடங்கு ஆற்றல் உடையதாக இருக்க வேண்டும்! இந்த அளவுக்குப் பெல் என்று பெயர் வந்தது 1920களில். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக வைத்த பெயர்.

தமிழ்ப்பள்ளியில் படித்த எவருக்கும் பெல்லைத் தெரியும். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்பது புதிர்ப்போட்டிகளில் தவறாமல் வரும் கேள்வி. ஆனால், அவருடைய பெயர் உலகெங்கும் காது கேளாத ஒவ்வொரு குழந்தையின் சோதனைத் தாளிலும் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தொலைபேசி உரிமைக்காக நடந்த வழக்குகள், விமானம், நீரின்மேல் விரையும் படகு என அவர் கைவைத்தவை ஏராளம். அவற்றை விரும்புவோர் நூலகத்தில் தேடிக்கொள்ளலாம். என் தம்பியின் தாளோடு தொடர்புடைய பெல்லை மட்டுமே இங்கே சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 1847 மார்ச் 3ஆம் நாள் பிறந்தார் பெல். தாயார் எலைசாவுக்குக் காது சரியாகக் கேட்காது. ஆனாலும் அவர் பியானோ வாசிப்பார். மற்றவர்கள் எல்லாம் அவரிடம் பேச வேண்டுமென்றால் காதுக்குழாயில் வாய் வைத்து உரக்கப் பேசுவார்கள். சிறுவன் பெல் மட்டும் தாயின் நெற்றியருகே வாயைக் கொண்டுபோய்த் தாழ்ந்த குரலில் பேசுவாராம். அந்த அதிர்வு அவருக்குப் புரியும் என்று கண்டுகொண்ட பிள்ளை. வீட்டுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டிருப்பதை விரல் எழுத்துகளால் தாய்க்கு உடனுக்குடன் எடுத்துச் சொல்லவும் கற்றுக்கொண்டார்.

தந்தை மெல்வில் பெல் பேச்சுக்கலை ஆசிரியர். எந்த மொழியின் ஒலியானாலும், அதை எழுப்ப நாவும் இதழும் தொண்டையும் எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதைக் குறிகளாலேயே காட்டும் ஓர் எழுத்து முறையை உருவாக்கி 1867இல் நூலாக வெளியிட்டார். நம் தொல்காப்பியப் பிறப்பியலைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. எழுத்து எங்கே எப்படிப் பிறக்கிறது என்று இதழையும் பல்லையும் நாவையும் அண்ணத்தையும் மூக்கையும் சொல்லி விளக்கும் அதே நோக்குத்தான். மெல்வில் பெல் அதைப் படமாக வரைந்தார் எனலாம். காதால் கேட்க முடியாதவனும் இந்தக் குறிகளைக் கண்ணால் பார்த்துப் பேசக் கற்கலாம் என்பது மகனுக்குப் பிடிபட்டது. அவருடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஓர் எண்ணத்தைச் சுற்றியே நகர்ந்தது என்பது என் கருத்து. நன்மையும் தீமையும் அதிலிருந்தே வந்தன.

பெல்லின் இரு உடன்பிறப்புகளும் காசநோய்க்கு இரையாயினர். தம்பி 1867இல், அண்ணன் 1870இல். மிஞ்சிய ஒரே மகனையாவது காப்பாற்ற வேண்டும் என்று பெற்றோர் 1870இல் கனடாவின் பிராண்ட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தனர். மறு ஆண்டே பெல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போய்க் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். 1873இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 26. நம்மில் பலர் அந்த வயதில் கல்விக் கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கியிருப்போம்!

1874ஆம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். தங்கள் குரலைக் கேட்க முடியாத மாணவர்களுக்கு அந்தக் குரலின் வடிவத்தையாவது கண்ணில் காட்ட வேண்டும் என்று பெல் விரும்பினார். பாஸ்டனில் கிளாரன்ஸ் பிளேக் என்ற காது மருத்துவர் அவருடைய நண்பர். வெறும் கருவி எதற்கு, உண்மையான காதையே பயன்படுத்தலாமே என்றார் அவர். இறந்துபோன ஒருவரின் காதைச் செவிப்பறையோடும் உள்ளிருக்கும் நுண்ணிய எலும்புகளோடும் பெற்றுத் தந்தார். எலும்பில் ஒரு மெல்லிய வைக்கோல் துண்டை ஒட்டி, அதன் முனை புகை படிந்த கண்ணாடியைத் தொடும்படி வைத்தார் பெல். காதுக்குள் பேசினால் செவிப்பறை அதிரும், எலும்பு அசையும், வைக்கோல் கண்ணாடியில் அலை வரையும். அவ்வாண்டு கோடை விடுமுறையைப் பெற்றோர் வீட்டில் இந்தக் காதோடுதான் கழித்தார். இவ்வளவு மெல்லிய தோல் தன்னைவிடக் கனமான எலும்புகளை அசைக்கிறதே, அப்படியென்றால் சற்றுப் பெரிய தோல் ஓர் இரும்புத் துண்டை அசைக்காதா என்று அவருக்குத் தோன்றியது. இரும்பு காந்தத்தின் முன் அசைந்தால் கம்பியில் மின்சாரம் பேச்சைப் போலவே ஏறி இறங்கும். தொலைபேசியின் கரு அதுதான். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போன இடத்தில் கிடைத்தது.

1876 மார்ச் 7இல் காப்புரிமை கிடைத்தது. மூன்று நாள் கழித்துக் கம்பி வழியே முதன்முதலாகப் பேச்சு கேட்டது. மற்றவை எல்லாரும் அறிந்த கதை.

பெல்லின் மாணவிகளுள் ஒருவர் மேபல் ஹப்பர்ட். ஐந்து வயதில் வந்த செங்காய்ச்சலால் கேட்கும் திறனை முற்றிலும் இழந்தவர். இதழசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வதில் வல்லவர். 1877 ஜூலையில் பெல் அவரை மணந்தார். திருமணப் பரிசாகத் தொலைபேசி நிறுவனத்தில் தம்மிடமிருந்த பங்குகளில் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதி அனைத்தையும் மனைவியின் பெயருக்கே எழுதிவிட்டார். ஆயினும், அந்தக் கருவியால் தம் கணவரின் குரலை ஒரு நாளும் கேட்க முடியாதவர் மேபல். தாய்க்கும் அது பயனில்லை, மாணவர்களுக்கும் பயனில்லை. காது கேளாதோர் தொலைபேசிக் கம்பியில் எழுத்து அனுப்பிப் பேசிக்கொள்ளும் வழி 1964இல்தான் பிறந்தது. அதைச் செய்தவர் ராபர்ட் வைட்பிரெக்ட் என்னும் இயற்பியலாளர். அவரும் காது கேளாதவரே.

செல்வம் வந்தபின் பெல் ஓய்ந்து உட்காரவில்லை. 1879இல் அவர் செய்த ஒரு கருவி எங்கள் துறைக்கு மிகவும் வேண்டியது. இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றில் விட்டுவிட்டு மின்சாரம் ஓடும். மற்றொன்று தொலைபேசியின் காதுப்பகுதியோடு இணைந்திருக்கும். சுருள்களை விலக்க விலக்க ஒலி குறையும். எந்தத் தொலைவில் ஒலி மறைகிறதோ அதுவே அந்தக் காதின் அளவு. அதே ஆண்டில் இலண்டனில் டேவிட் ஹியூஸ் என்பவரும் இத்தகைய கருவியைச் செய்தார். இதற்கு முன்பு காதைச் சோதிப்பதென்றால் கடிகாரத்தை அருகில் பிடிப்பதும் பின்னாலிருந்து கிசுகிசுப்பதும்தான். கேளாமை என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டே நிலைகள் அல்ல, நடுவில் எத்தனையோ படிகள் உண்டு என்பதை அளந்து காட்டும் காலம் இங்கே தொடங்கியது. பெல் வாஷிங்டனில் பள்ளிப் பிள்ளைகளையே சோதித்தார். மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுள் சிலருக்கு உண்மையில் காதில்தான் குறை என்பதை இத்தகைய சோதனைகளே வெளிக்கொணர்ந்தன. 1880இல் பிரான்சு நாடு அளித்த வோல்டா பரிசு 50,000 பிராங்க். அதை ஆய்வுக்கூடம் அமைக்கப் பயன்படுத்தினார். 1887இல் காது கேளாமை பற்றிய செய்திகளைத் திரட்ட வோல்டா பணியகத்தைத் தொடங்கினார்.

இதுவரை படித்தபோது எனக்குப் பெல்லின்மீது பக்தியே வந்துவிட்டது. விடுதி அறையில் அவர் படத்தை ஒட்டலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் அடுத்த நூல் கைக்கு வந்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் மார்த்தாஸ் வின்யார்டு என்றொரு தீவு. அக்காலத்தில் நாட்டில் ஏறத்தாழ 5,700 பேருக்கு ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர் என்றால், அந்தத் தீவில் 155 பேருக்கு ஒருவர். சில்மார்க் என்னும் ஊரில் 25 பேருக்கு ஒருவர். மானிடவியலாளர் நோரா குரோஸ் பின்னாளில் தந்த கணக்கு இது. அவர்களின் முன்னோர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து வந்தவர்கள். தீவுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பெல் 1880களில் அங்கே போனார். பழைய பதிவேடுகளைப் புரட்டி, யாருக்கு யார் பிறந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாக வம்சப் பட்டியல் போட்டார். அந்த உழைப்பைக் குறை சொல்லவே முடியாது.

ஆனால் அத்தீவில் வேறொன்றும் இருந்தது. அங்கே காது கேட்பவர்களும் சைகை மொழி பேசினார்கள். கடையில், படகில், தேவாலயத்தில், எங்கும். காது கேளாமை அங்கே ஒரு பெரிய செய்தியே அன்று. வம்சத்தைத் தேடிப் போனவரின் முடிவுகளில் இதற்கு இடமில்லாமல் போனது.

1883 நவம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் முன் பெல் தம் ஆய்வைப் படித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொண்டு போனால் மனித இனத்தில் காது கேளாத ஒரு தனிப் பிரிவே உருவாகிவிடும் என்பது அவருடைய அச்சம். சட்டம் போட்டுத் திருமணத்தைத் தடுப்பது உகந்ததாக அவருக்குப் படவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் வழிகளைக் குறைக்க வேண்டும் என்றார். தனி விடுதிப் பள்ளிகள் வேண்டாம். காது கேளாத ஆசிரியர்கள் வேண்டாம். சைகை மொழி வேண்டாம். எல்லாரும் வாயால் பேசக் கற்று மற்றவர்களோடு கலந்துவிட வேண்டும்.

இதில் எனக்குத் தாங்க முடியாதது ஒன்று உண்டு. பெல் சைகை மொழி தெரியாதவர் அல்லர். நன்றாகவே கைகளால் பேசுவார். தாய்க்கு விரல்களால் உலகத்தை எடுத்துச் சொன்னவர் அவர். தெரிந்தே வேண்டாம் என்றார்.

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த மாநாடு, காது கேளாதோர் கல்வியில் வாய்மொழிப் பயிற்சியே உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. வந்திருந்த 160க்கு மேற்பட்ட பேராளர்களுள் காது கேளாதவர் ஒரே ஒருவர். அதே கொள்கைக்கு அமெரிக்காவில் மிக வலிமையான குரல் பெல்லுடையது. புகழும் பணமும் சேர்ந்த குரல். அவரை எதிர்த்து நின்றவர் எட்வர்ட் கல்லாடெட். காது கேளாதோருக்கான கல்லூரியை வாஷிங்டனில் நடத்தி வந்தவர். சைகையும் பேச்சும் இரண்டும் வேண்டும் என்றார். விந்தை என்னவென்றால், கல்லாடெட்டின் தாயாரும் காது கேளாதவர். காது கேளாத தாய்மாரின் பிள்ளைகள் இருவர் நாடாளுமன்றம்வரை போய் வாதாடினார்கள். ஒருவர் தாயின் கைகளை நினைத்துக்கொண்டு பேசினார். மற்றவர் தாயின் பியானோவை நினைத்துக்கொண்டு பேசினார் போலும்.

அந்தத் தீர்மானத்தின் அலை நம் நாட்டுக்கும் வந்தது. 1954இல் பினாங்கில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது அங்கும் வாய்மொழி முறைதான். வகுப்பில் கையை அடக்கிக்கொண்ட பிள்ளைகள், வகுப்புக்கு வெளியே தாங்களாகவே ஒரு மொழியை உருவாக்கினார்கள். பினாங்குச் சைகை மொழி என்று அது இன்றும் பெயர் பெற்றிருக்கிறது. ஆசிரியர் எவரும் கற்றுத் தராமல் பிள்ளைகளே படைத்த மொழி! 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம், மலேசியச் சைகை மொழியை இந்நாட்டுக் காது கேளாதோரின் அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றது. மிலான் தீர்மானங்களுக்கு 2010இல் வான்கூவரில் கூடிய அதே வகை மாநாடு வருத்தம் தெரிவித்து அவற்றைக் கைவிட்டது. 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.

என் தம்பி அந்த 130 ஆண்டின் கடைசிப் பகுதியில் மாட்டிக்கொண்டவன். கையால் பேசினால் வாய் பழகாது, ஆகவே வீட்டில் யாரும் சைகை செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பினார் ஒரு பயிற்சியாளர். அம்மா அதைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டார். தம்பி தண்ணீர்க் குவளையைச் சுட்டிக்காட்டினால் கையைப் பிடித்துக் கீழே இறக்குவார். வாயால் கேள் என்பார். அவன் அழுவான். அம்மாவும் சமையலறையில் போய் அழுவார். பயிற்சி மலாயில், வீட்டில் தமிழ், இரண்டையும் அவன் கேட்டதே இல்லை. ஒன்பது வயதுவரை அவனிடம் தெளிவாக இருந்தவை ஏறக்குறைய இருபது சொற்கள். பிறகு வேறு பள்ளிக்கு மாற்றினோம். அங்கே சைகை மொழி இருந்தது. ஆறே மாதத்தில் அவன் என்னிடம் ஒரு முழுக் கதையைச் சொன்னான், நாய் ஒன்று பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குள் புகுந்த கதை. என் தம்பி வேடிக்கையாகப் பேசுவான் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாம் தாய்மொழி நாள்தோறும் தாய்மொழியைப் பற்றிப் பேசுகிறோம். அவனுடைய தாய்மொழி எது என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்?

பெல்லின் அச்சம் என்னாயிற்று? அவருடைய வோல்டா பணியகத்தின் ஆதரவோடு எட்வர்ட் ஃபே என்பவர் காது கேளாதோரின் நான்காயிரத்துக்கு மேற்பட்ட திருமணங்களை ஆராய்ந்து, 1898இல் முடிவை வெளியிட்டார். அவர்களின் பிள்ளைகளில் காது கேளாதவர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்டது. தம் கருத்துக்கு எதிரான அந்த நூலைப் பெல்லின் பணியகமே பதிப்பித்தது. இதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதன்பின்னும் அவர் கருத்து பெரிதும் மாறவில்லை. யூஜெனிக்ஸ் எனப்பட்ட இனமேம்பாட்டு இயக்கத்தில் 1912 முதல் பொறுப்பு வகித்தார். 1921இல் நியூயார்க்கில் நடந்த அதன் உலக மாநாட்டுக்குக் கௌரவத் தலைவரும் ஆனார்.

ஃபேயின் கணக்கு ஏன் அப்படி வந்தது என்பது இப்போது விளங்குகிறது. மெண்டல் 1866இல் எழுதியதை உலகம் 1900வரை கவனிக்கவில்லை. பெல்லுக்கு 1883இல் ஒடுங்கு மரபணு பற்றித் தெரிய வழியில்லை. காதைப் பாதிக்கும் மரபணுக்கள் ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கு மேல் உள்ளன. கணவனுக்கு ஒன்றும் மனைவிக்கு வேறொன்றும் பழுதாக இருந்தால், இருவருக்கும் காது கேளாவிட்டாலும் பிள்ளைக்குக் கேட்கும். மறுபுறம், நன்றாகக் காது கேட்கும் இருவர் ஒரே பழுதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவற்றுள் முதன்மையான ஜி.ஜே.பி.2 என்னும் மரபணுவை 1997இல் அடையாளம் கண்டார்கள். தம்பிக்குச் சோதனை செய்தபோது அதுவேதான் என்று வந்தது. என் அம்மா அப்பாவுக்கு மாமன் மகள். தோட்டத்தில் இருந்த காலத்திலேயே பாட்டி முடிவு செய்துவிட்ட திருமணம். தம்பி பிறந்தபோது உறவினர்கள் அம்மாவின் கிரகத்தைக் குறை சொன்னார்கள். இருவரும் சரிபாதி கொடுத்தது என்று நான் தாளில் கட்டம் போட்டுக் காட்டிய நாளில், அம்மா அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

அதே கட்டத்தின்படி நான் அந்த மரபணுவைச் சுமந்திருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. வீட்டில் எனக்கென்றும் ஒரு மாமன் மகன் பேச்சில் அடிபடுகிறார். அவரும் சோதனை செய்துகொள்ளட்டும் என்றேன். பாட்டி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்படிச் சொன்னபோது பெல் என் தோளுக்குப் பின்னால் நிற்பதுபோல் இருந்தது. சோதனை வேண்டும் என்று கேட்பது என் படிப்பு. அப்படிக் கேட்பதன் பொருள், தம்பி பிறந்திருக்க வேண்டாம் என்பதா? இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால், தம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்வது எளிதாக இல்லை.

பெல் தம்மைப் பற்றிக் கேட்டவர்களிடம் கண்டுபிடிப்பாளர் என்று சொல்லிக்கொள்வதைவிட, காது கேளாதோரின் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார். 1886இல் ஆறு வயதுச் சிறுமி ஹெலன் கெல்லரை அவருடைய தந்தை பெல்லிடம் அழைத்துவந்தார். பெல் காட்டிய வழியில்தான் அக்குழந்தைக்கு ஆசிரியை ஆன் சல்லிவன் கிடைத்தார். ஹெலன் 1903இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றைப் பெல்லுக்கே காணிக்கையாக்கினார்.

1922 ஆகஸ்டு 2ஆம் நாள் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் உள்ள தம் வீட்டில், 75ஆம் வயதில் பெல் காலமானார். அடக்கம் நடந்தபோது வட அமெரிக்காவின் தொலைபேசிகள் அனைத்தும் ஒரு நிமிடம் அமைதி காத்தன. அவருடைய கடைசி நேரத்தைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. மேபல் அவர் கையைப் பற்றிக்கொண்டு, தம்மை விட்டுப் போய்விட வேண்டாம் என்று கேட்டாராம். பெல்லுக்குப் பேச வலுவில்லை. விரல்களை அசைத்து, போகமாட்டேன் என்பதற்கான சைகையை மனைவியின் கையில் வரைந்தாராம்.

சென்ற விடுமுறையில் இதைத் தம்பியிடம் சொன்னேன். அவனுக்கு இப்போது பதினேழு வயது. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடி சொல் என்றான். மறுபடி சொன்னேன். உடனே எழுந்து சமையலறைக்குப் போய் அம்மாவைத் தோளில் தட்டித் திருப்பி, முழுவதையும் அவரிடம் சொல்லத் தொடங்கினான். நாற்பது வயதுக்கு மேல் சைகை கற்றவர் அம்மா. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். பாதிவரை தலையாட்டினார். மீதிக்கு, கதவருகே நின்ற என்னைப் பார்த்தார்.